மவுஸ் செருகியிருக்கும்போது

சங்கமித்ராவின் இரண்டு கைகளும் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் திரையில் இருந்த அம்பு நகர்ந்தது.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வெளியே ஆகஸ்ட் மாதத்துத் தூறல், பெங்களூர் ஆஸ்டின் டவுன் சந்தில் நனைந்த கோணியின் வாடை, கீழ்வீட்டு சரசக்கா இட்லிப் பானையைத் தேய்க்கிற சத்தம். மவுஸ் வலது பக்கத்தில் தன் ரப்பர் அட்டைமேல் சும்மா கிடந்தது. லேப்டாப்பை எதுவும் தொடவில்லை. ஆனாலும் அந்த அம்பு திரையின் நடுவிலிருந்து கிளம்பி, மேலே கொஞ்சம் ஏறி, இடது பக்கம் திரும்பி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவர்களைப் போல நின்று நின்று போனது. ஓரத்தில் இருந்த மஞ்சள் ஃபோல்டரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

அவள் டம்ளரை வைத்துவிட்டு மவுஸை ஒரு ஆட்டு ஆட்டினாள். அம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. "இன்னா பீடை இது" என்று முனகிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

லேப்டாப்பில் இந்த மாதிரிச் சில்லறைத் தொல்லைகள் அவளுக்குப் பழக்கம்தான். கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் வழவழப்பாக ஒரு சதுரம் இருக்கிறதே, டச்பேட், அதுதான் எல்லா வம்புக்கும் காரணம். மவுஸ் இல்லாதவர்கள் அதில் விரலைத் தேய்த்து அம்பை ஓட்டுவார்கள். மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு அது வேண்டாத விருந்தாளி. வேகமாக டைப் அடிக்கும்போது உள்ளங்கையின் அடிச்சதை அதில் லேசாகப் பட்டால் போதும், அம்பு எங்கேயோ தாவிவிடும், அடிக்கிற வார்த்தையெல்லாம் வேறு வரியில் போய் விழும். எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. திட்டிக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி அடிப்பாள்.

ஆனால் அதெல்லாம் தாவல். இன்றைக்கு இது நடந்து போனது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அவள் வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவுசெய்வதை, இங்கே ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் அடித்து அனுப்ப வேண்டும். மேஜைக்குக் கீழே தையல் மிஷின் போல ஒரு கால்கட்டை இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார், மறுபடி மிதித்தால் விட்ட இடத்துக்கு இரண்டு வார்த்தை முன்னாலிருந்து ஆரம்பிப்பார். அடுகோடியில் இருந்த கம்பெனியில் முப்பது பேர் இந்த வேலையைச் செய்தார்கள். வீட்டிலிருந்தே செய்ய லேப்டாப் கொடுத்து அனுப்பியது மூன்று பேரைத்தான். அந்த மூன்று பேருடைய ரிப்போர்ட்டுகளை யாரும் திருத்திப் பார்ப்பதில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அவ்வளவு நம்பிக்கை அவர்கள்மேல்.

சங்கமித்ராவுக்கு அந்த நம்பிக்கை சோறு போடுவதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. உள்அறையில் அவள் புருஷன் ஜெயராஜ் படுத்திருந்தான். கேபிள் டிவி ஒயர் இழுக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாண்டும்போது வழுக்கி, கழுத்தெலும்பில் அடிபட்டு, அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. கண், வாய், அந்த வாயில் இருக்கிற கிண்டல், இவ்வளவுதான் மிச்சம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகிவிடும். முதலில் மூன்று மாதம் அவள் ஆபீசுக்குப் போய்த்தான் பார்த்தாள். சரசக்கா நல்ல மனுஷிதான், ஆனால் இட்லி வியாபாரத்துக்கு நடுவில் மறந்துபோய்விடும். ஜெயராஜின் இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்து, எலும்பு தெரிந்து, ஆஸ்பத்திரியில் பிழைப்பானா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. அப்புறம்தான் டீம் லீடர் வைஷ்ணவி மேனேஜரிடம் சண்டை போட்டு இந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு பெரிய மிஸ்டேக் வந்தாலும் ஆபீசுக்குக் கூப்பிட்டுடுவாங்க சங்கமித்ரா. அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று அப்போதே சொல்லியிருந்தாள்.

வீட்டில் அடுக்களைக் கடிகாரத்தில் அலாரம் வைத்திருந்தாள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. அலாரம் அடித்தால் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போய் அவனைப் புரட்டி, முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டுவிட்டு வருவாள். வீடு முழுக்க அந்த ஸ்பிரிட் வாசனை ஊறியிருந்தது.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் அம்பு இன்னும் மூன்று முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் மேலே, அப்புறம் இடது. ஒவ்வொரு முறையும் அதே மஞ்சள் ஃபோல்டர். அவள் டச்பேடைத் துணியால் துடைத்தாள். பேனா மூடியால் தேய்த்துப் பார்த்தாள், அம்பு அசையவில்லை. ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்தாள், அசையவில்லை. சுண்டுவிரலை வைத்தாள், உடனே ஓடியது. தோல் பட்டால்தான் அதற்குத் தெரிகிறது என்று புரிந்துகொண்டாள். புரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

புதன்கிழமை பகல் ஒன்றரைக்கு கரண்ட் போனது. ஃபேன் நின்றது, கீழ்வீட்டு ரேடியோ நின்றது. மேகம் கவிந்து அறை சாயங்காலம் போல இருட்டிக்கிடக்க, லேப்டாப் மட்டும் தன் பேட்டரியில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்து ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுச் சத்தத்துக்குள் வேறு ஒரு சத்தம் இருந்ததை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிரித்துக் கேட்டாள். மிருதுவான சத்தம். நகம் படாமல், விரல்நுனிச் சதை மட்டும் பலகையில் படுகிற சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு.

அவள் கைகள் மடியில் இருந்தன.

மஞ்சள் ஃபோல்டர் திறந்துகொண்டது. அனுப்பி முடித்த ரிப்போர்ட்டுகளின் பிரதியை ஒரு மாதம் வைத்திருக்கும் ஃபோல்டர் அது. அம்பு கீழே இறங்கியது. ஒவ்வொரு பெயராகக் கடந்து, பொறுமையாக, தப்பு வந்தால் திரும்பி, நானூற்றுப் பதினேழில் முடிகிற எண்ணில் போய் நின்றது. இரண்டு தட்டு. ரிப்போர்ட் திறந்தது. அம்பு அதற்குள் இறங்கி, 'ஒவ்வாமை' என்று தலைப்புப் போட்ட வரிக்குப் போய், அதற்கு எதிரே இருந்த 'எதுவும் இல்லை' என்ற வார்த்தைகளின்மேல் நின்றது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. எங்கே ஓடுவது? உள்ளே அவன் படுத்திருக்கிறான். அதனால் உட்கார்ந்து படித்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் அவளே அடித்த ரிப்போர்ட். அறுபத்தொரு வயசு அம்மா, மூச்சுத்திணறலுக்கு வந்து குணமாகி வீட்டுக்குப் போனவர். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குடும்ப வரலாறு என்ற பகுதியில், தாயார் சர்க்கரை வியாதியில் இறந்தார் என்பதற்குப் பின்னால், 'பெனிசிலின், கடுமையானது, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும்' என்று எழுதியிருந்தது. செத்துப்போன தாயாருக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எந்த டாக்டர் சொல்வார்?

ஹெட்போனை மாட்டி, பழைய பதிவைத் தேடி எடுத்து, கால்கட்டையை மிதித்தாள். கரகரத்த குரல் டாக்டர் அவர். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவார். தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஒவ்வாமை அந்த அம்மாவுக்குத்தான்.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிற வரிகளை முன்கூட்டியே அடித்து ஒரு மாதிரி ரிப்போர்ட் வைத்திருப்பார்கள், வேலை சீக்கிரம் முடிய. அதில் ஒவ்வாமைக்கு எதிரே 'எதுவும் இல்லை' என்று தயாராக இருக்கும். டாக்டர் வேறு சொன்னால் அதன்மேல் அடித்து மாற்ற வேண்டும். அன்றைக்கு இரண்டு மணி அலாரம் அடித்துக்கொண்டிருந்தது, ஜெயராஜ் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், அவள் அவசரமாக அடித்துவிட்டு எழுந்தாள். உள்ளங்கை டச்பேடில் பட்டிருக்கிறது. வார்த்தைகள் தாவி நாலு வரி கீழே, தாயார் தலையில் போய் விழுந்திருக்கின்றன. திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

இரண்டு மணி அலாரம் அடித்தது. அவள் துள்ளி எழுந்தாள்.

"இன்னா மித்ரா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? அமெரிக்காகாரன் லவ் லெட்டர் எதுனா குடுத்தானா?" என்றான் ஜெயராஜ். அவள் அவனைப் பக்கவாட்டில் புரட்டி, தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்தாள். அவன் வலது கை மெத்தையில் செத்த எடையாக விழுந்தது. அதை எடுத்து நேராக வைத்தாள்.

"ஒரு தப்பு பண்ணிட்டன்" என்றாள்.

"நீயா? சும்மா இரு."

"பெரிய தப்பு. சொன்னா ஆபீசுக்கு வரச் சொல்லிடுவாங்க."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தான். பயந்துபோனான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த மூன்று மாதத்துப் புண்ணை இருவருமே மறக்கவில்லை. "யாருனா கண்டுபுடிச்சாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்புறம் இன்னா?" என்றான் மெதுவாக. கேட்டதற்கு அவனே வெட்கப்பட்டவன் போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த அம்மா குணமாகி வீட்டுக்குப் போயாகிவிட்டது. அப்படியே மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், தனக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று அறுபது வயசு மனுஷிக்குத் தெரியாதா? தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டாளா? நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. ஒரு திருத்தப் படிவம் இருக்கிறது, நாலு வரி நிரப்பி அனுப்பினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி ஃபைலில் மாற்றிவிடுவார்கள். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடினாள்.

வியாழக்கிழமை காலை அவள் அதைத் திறந்ததுமே அம்பு கிளம்பிவிட்டது.

இப்போது அது தடவித் தடவிப் போகவில்லை. வழி பழகிவிட்டது. மேலே, இடது, இரண்டு தட்டு. ஃபோல்டர், ரிப்போர்ட், அந்த வரி. அவள் மவுஸால் மூடினாள். திறந்தது. மூடினாள். திறந்தது. வேறு டாக்டரின் ரிப்போர்ட்டை அடித்துக்கொண்டிருக்கும்போது அதன்மேல் வந்து திறந்தது. 'எதுவும் இல்லை' என்ற இரண்டு வார்த்தைகளையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக இழுத்து நீலமாக்கிவிட்டுக் காத்திருந்தது. நீ அடி, நான் பிடித்திருக்கிறேன் என்பது போல.

டச்பேடின்மேல் ஒரு ஈரத்தடம் தெரிந்தது. விரல்நுனி அளவு. மூச்சுப்பட்ட கண்ணாடியில் மறைவது போல ஓரத்திலிருந்து காய்ந்து மறைந்தது. பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. ஸ்பிரிட் வாசனை அடித்தது. அது ஜெயராஜின் அறையிலிருந்து வருகிற வாசனைதான் என்று அவள் நினைக்கப் பார்த்தாள். ஆனால் இது அவர்கள் வீட்டு ஸ்பிரிட் இல்லை. இதற்குள் பிளாஸ்டிக் குழாயின் வாடையும், பல நாள் திறக்காத வாயின் வாடையும் கலந்திருந்தன.

மூன்றரைக்கு அம்பு அந்த ரிப்போர்ட்டை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போனது. திருத்தப் படிவத்தைத் திறந்தது. நோயாளி எண் என்ற கட்டத்தில் போய் நின்றது. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. வேகமாக. இன்னும் வேகமாக. கை நடுங்குகிறவர்கள் ஊசியில் நூல் கோக்கிறது போல, கட்டத்தைத் தவறவிட்டு, திரும்பி வந்து, மறுபடி தவறவிட்டு.

சங்கமித்ரா ஃபோனை எடுத்து ஆபீசுக்குப் போட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நாகேஷ் எடுத்தான். கன்னடக்காரன், கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவான்.

"அம்பு தானா நவுருது நாகேஷ்."

"மவுஸ் போட்டிருக்கீங்க அல்லவா மேடம்? அப்ப டச்பேட் தொல்ல அது. கைல ஈரம் இருந்தாக்கூட ஓடும்."

"நான் தொடவே இல்ல."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்று சிரித்தான். "ஒந்து நிமிஷ வேல மேடம். கண்ட்ரோல் பேனல் போங்க. மவுஸ்னு இருக்கும், தொறங்க. கடைசில, வெளி மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேட நிறுத்துன்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கா? அதுல டிக் போட்ருங்க. ஆய்த்து. மவுஸ எடுத்தா மறுபடி வரும், செருகினா வராது."

அவன் ஃபோனை வைத்துவிட்டான். அவள் மவுஸைப் பிடித்தாள்.

அம்பு வரவில்லை. அவள் வலது பக்கம் இழுத்தாள், அது இடது பக்கம் இழுத்தது. அவள் கீழே கொண்டுபோனாள், அது மேலே போனது. எடையே இல்லாத ஒரு அம்புக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மேஜை விளிம்பில் வயிறு அழுந்த, தெருக்குழாயில் குடத்துக்குச் சண்டை போடுகிறவள் மாதிரி இழுத்தாள். ஈரத்தடங்கள் டச்பேடில் பூத்துப் பூத்து மறைந்தன. ஒன்று, மூன்று, எண்ண முடியவில்லை. கண்ட்ரோல் பேனல் திறந்தது. மவுஸ் திறந்தது. அந்தச் சின்னக் கட்டம் தெரிந்தது. அதன்மேல் அம்பைக் கொண்டுபோனாள். விலகியது. கொண்டுபோனாள். விலகியது.

"உடு" என்றாள் வாய்விட்டு. "என்ன உட்டுடு. எனக்கு அவுரு இருக்காரு."

கட்டத்தின்மேல் அம்பு ஒரு கணம் நின்றது. அழுத்தினாள்.

டிக் விழுந்தது.

எல்லாம் நின்றுவிட்டது. அம்பு அவள் கைக்கு அடங்கி, நல்ல பிள்ளையாக, போகச் சொன்ன இடத்துக்குப் போனது. டச்பேடில் கடைசித் தடம் காய்ந்தது. வேறு வரவில்லை. திரை ஓரத்தில் மணி மூன்று நாற்பது. அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, திருத்தப் படிவத்தை மூடினாள். நாலு மணி அலாரம் அடித்ததும் போய் ஜெயராஜைப் புரட்டி, முதுகைத் துடைத்து, அவன் சொன்ன ஒரு அற்பமான ஜோக்குக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். அவ்வளவு நிம்மதி.

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அவள் பதினெட்டு ரிப்போர்ட் அடித்தாள். பாராட்டி வைஷ்ணவியிடமிருந்து மெயில் வந்தது. படிவத்தைப் பற்றி நினைக்கவேயில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு முறை நினைத்தாள். திங்கள்கிழமை பார்க்கலாம் என்று இரண்டு முறையும் முடிவுசெய்தாள்.

சனிக்கிழமை வேலை குறைவு. மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து, கரண்ட் போய், அறையில் லேப்டாப் வெளிச்சம் மட்டும் நின்றது. பட்டியலில் ஒரே ஒரு பதிவுதான் மிச்சமிருந்தது. திறந்தாள். நோயாளி எண் நானூற்றுப் பதினேழில் முடிந்தது. மேலே, மரணச் சுருக்கம் என்று போட்டிருந்தது.

கால்கட்டையை மிதித்தாள். கரகரத்த டாக்டர். இன்றைக்கு எதையும் மெல்லவில்லை.

கை பழக்கத்தில் அடித்துக்கொண்டே போனது. அறுபத்தொரு வயசு. நுரையீரலில் சளி கட்டி, ஞாயிற்றுக்கிழமை அவசரப் பிரிவுக்கு வந்தார். மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போடப்பட்டது. அதனால் பேச முடியவில்லை. அவள் நிறுத்தினாள். அந்த வரியைத் திரையில் பார்த்தாள். பேச முடியவில்லை. தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டாளா என்று கேட்டது யார்? அவள்தான்.

மிதித்தாள். டாக்டர் தொடர்ந்தார். முதலில் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை. பெனிசிலின் வகை மருந்துக்கு மாற்றுவதாகத் திங்கள் இரவு நோயாளியின் படுக்கையருகே நின்று பேசினோம். பழைய குறிப்பில் ஒவ்வாமை எதுவும் இல்லை என்று இருந்தது. சோதனை முடிவுகளுக்காக வியாழன் வரை காத்திருந்தோம்.

அடித்தாள்.

பக்கத்தில் இருந்த மகள் சொன்னது, என்றது குரல். திங்கள் நள்ளிரவு தாண்டியதிலிருந்து அம்மா தன் வலது ஆள்காட்டி விரலைப் படுக்கை விரிப்பில் நகர்த்திக்கொண்டேயிருந்தார். மேல்பக்கம், பிறகு இடது பக்கம். பிறகு இரண்டு முறை தட்டுவார். ஒவ்வொரு இரவும். எதையோ எழுதுவது போல. யாருக்கும் புரியவில்லை. மயக்க மருந்தின் விளைவு என்று எடுத்துக்கொண்டோம்.

அவள் கால் நடுங்கியது. கட்டை விட்டு விட்டு மிதிபட்டது. எதையோ எழுதுவது போல. நின்றது. எழுதுவது போல. நின்றது. போல. யாருக்கும். யாருக்கும் புரியவில்லை. புரியவில்லை.

இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

வியாழன் காலை ஐந்து பத்துக்கு விரல் திடீரென்று நின்றுவிட்டது. யாரோ கையைப் பிடித்து நிறுத்தியது போல நின்றது என்றார் மகள். அம்மாவுக்கு விழிப்பு இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஐந்தரைக்கு மருந்து ஏற்றப்பட்டது.

அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். தினமும் போடுகிற கணக்கு. ஐந்து பத்தோடு பத்தரை. மூன்று நாற்பது. ஐந்தரையோடு பத்தரை. நாலு. நாலு மணிக்கு அவள் ஜெயராஜைப் புரட்டிப்போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். மவுஸின் ஒயரைப் பிடித்து இழுத்தாள், அது லேப்டாப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. மவுஸை எடுத்தால் மறுபடி வரும் என்று நாகேஷ் சொல்லியிருந்தான். இப்போது டச்பேட் திறந்திருக்கிறது. தடுக்கிறவர் யாரும் இல்லை. அவள் கையை மார்போடு கட்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் குனிந்து, அம்பையே பார்த்தாள்.

"வாங்கம்மா" என்றாள். "வந்துடுங்க. எழுதிடறேன். இப்பவே எழுதி அனுப்பிடறேன்."

அம்பு அசையவில்லை. டச்பேட் காய்ந்து கிடந்தது. மழை ஆரம்பித்தது. அவள் தன் விரலை வைத்தாள், அம்பு ஓடியது. எடுத்தாள், நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தாள். இரண்டு நிமிஷம். யாரும் வரவில்லை. இனி யாருக்கும் அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. அவள் மேஜையில் தலையை வைத்து அழுதாள், தனக்காகவா அந்த அம்மாவுக்காகவா என்று தெரியாமல் அழுதாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மிருதுவாக. நகம் படாமல். இரண்டு தட்டு.

தலையைத் தூக்கி டச்பேடைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. காதைக் கொடுத்தாள். மறுபடி இரண்டு. லேப்டாப்பிலிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. உள்அறையிலிருந்து.

நாலு மணி அலாரம் அடிக்க ஆரம்பித்தது. அவள் அதை நிறுத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஸ்பிரிட் வாசனை. அதற்குள் பிளாஸ்டிக் குழாயின் வாடை. திறக்காத வாயின் வாடை. திரைச்சீலையை விலக்கினாள்.

ஜெயராஜ் விழித்திருந்தான். அவள் இரண்டு மணிக்குப் படுக்க வைத்த மாதிரியே, ஒருக்களித்து, தலையணை முட்டோடு கிடந்தான். ஜன்னலிலிருந்து வந்த கொஞ்ச வெளிச்சம் மெத்தைமேல் விழுந்திருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடிந்த அளவுக்குத் திருப்பி, கீழே, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக ஈ உட்கார்ந்தால்கூட அசையாத கை.

அதன் ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்திருந்தது.

விரிப்பின்மேல் அது மேலே போனது. இடது பக்கம் திரும்பியது. நின்றது. இரண்டு முறை தட்டியது. தட்டின இடத்தில் ஈரம்.

"மித்ரா" என்றான் ஜெயராஜ். குரல் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது. "மித்ரா, நான் ஆட்டல. இது நான் இல்ல."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் மறுபடி மேலே போனது.